தோற்ற ஆயர்

வடகலை, தென்கலை வழக்குகளைக் கேட்டே வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரர்கள் நாங்கள். வரதராஜப் பெருமாள் சந்நிதியில் பிரபந்தம் ஓதும் உரிமை யாருக்கு என்பது வெள்ளையர் காலத்திலேயே நீதிமன்றம் ஏறிய விஷயம். ஆகவே கேரளத்தின் மலங்கரைச் சுரியானி சபை பிளவுண்ட வரலாற்றை வாசிக்கையில் அது அயலார் கதையாக எங்களுக்குப் படவில்லை. அதில் எங்கள் மனத்தைப் பிடித்துக்கொண்டவர், தோற்றுப்போன ஆயர் தாமஸ் மார் அத்தனாசியஸ்.

இவருடைய தந்தை ஆபிரகாம் மல்பான், மாராமண்ணில் சுரியானி மொழி வழிபாட்டை மலையாளத்துக்குக் கொண்டுவந்த சீர்திருத்தக்காரர். சீர்திருத்தத்தை ஏற்காதோர் அந்தியோக்கியா பாத்திரியார்க்கின் பக்கம் நின்றனர். 1877இல் தாமஸ் தலைமையேற்றார். 1879இல் எதிரணி ஆயர் புலிக்கோட்டில் மார் தியோனிசியஸ் வழக்குத் தொடுத்தார். கோட்டயம் செமினரி, சபைச் சொத்துகள், 1808இல் பிரிட்டிஷாரிடம் நிரந்தர வைப்பாக இட்ட 3,000 பூவராகனின் வட்டி, இவையெல்லாம் யாருக்கு? கேட்டது சொத்து, நீதிமன்றம் ஆராய்ந்ததோ, பாத்திரியார்க்கின் அங்கீகாரமின்றி ஒருவர் ஆயராக முடியுமா என்பதை. முடியாது என்றனர், 1889 ஜூலை 12 அன்று, திருவிதாங்கூர் அரச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர்.

செமினரி கைவிட்டுப் போயிற்று. சில தேவாலயங்களே எஞ்சின. பத்தாண்டு வழக்காடியவரைத் துறவி என்று நாங்கள் புகழ மாட்டோம். தமக்குப்பின் ஓர் ஆயரைத் திருநிலைப்படுத்தாமலே 1893இல் மறைந்ததும் தலைமைக்கு அழகன்று. ஆயினும் கட்டடம் போனபின்னும் மக்கள் அவரை விட்டுப் போகவில்லை. 1894இல் தொழியூர் என்னும் சிறு சுயேச்சைச் சபையின் ஆயர் வந்து முதலாம் தீத்துஸுக்குப் பட்டம் கொடுத்தார். மறு ஆண்டே பம்பையாற்று மணலில் மாராமண் கன்வென்ஷன் தொடங்கிவிட்டது. இன்றைய மார்த்தோமா சபை அது.

வென்றவர்கள் கதைதான் விசித்திரம். பாத்திரியார்க்கின் மேலாண்மையைச் சொல்லியே வென்ற சபையில், 1911இல் பாத்திரியார்க் அப்துல்லா, வட்டசேரில் மார் தியோனிசியஸைச் சபைநீக்கம் செய்தார். அதே பூவராகன் வட்டிக்காக 1913இல் மறுபடி வழக்கு. ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய என இரண்டாகி, 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் தேவாலய வாசல்களில் காவல்துறை நிற்க நேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவே செங்கன்னூர்ப் பழைய சுரியானிப் பள்ளி 1889இன் இரு தரப்புக்கும் பொதுவாய் இருக்கிறது. மார்த்தோமாக்காரரும் ஆர்த்தடாக்ஸ்காரரும் அந்த ஒரே கூரையின்கீழ் முறைவைத்துத் தொழுகிறார்கள்.