தாளமும் பூட்டும்

திருத்தணிக் கடைத்தெருவில் ஒரே மொழியை வைத்துக்கொண்டு வாணிகம் நடவாது. ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1960 ஏப்ரல் 1-இல் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்காக ம. பொ. சிவஞானம் முதலானோர் நடத்திய போராட்டம் பலரும் அறிந்ததே. எல்லைக்கோடு மாறியதேயன்றி, நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வரும் வாடிக்கையாளர் வரவு நின்றுவிடவில்லை. இங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்த எங்கள் அத்தா, வீட்டில் தமிழும் கடையில் தெலுங்குமாக நாற்பதாண்டு கழித்தவர்.

பக்கவாதம் கண்டபின் அவர் பேச்சு நின்றுபோகவில்லை. சொற்கள்தாம் இடம் மாறி வந்தன. சாவியைக் காட்டிப் ‘பூட்டு’ என்பார். பூட்டைக் கேட்க எண்ணிப் ‘பாட்டு’ என்பார். ஒரு நாள், “தாளம் கொண்டு வா” என்றார். தெற்கேயிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். அம்மாவோ எழுந்து போய்ப் பூட்டை எடுத்து வந்து கொடுத்தார். தெலுங்கில் பூட்டுக்குத் தாளம் என்று பெயர். ஆயினும், “புத்தி பேதலித்தவர், கடையைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்க வேண்டா” என்ற பேச்சு வீட்டில் எழுந்துவிட்டது.

அப்பேச்சு நியாயந்தானா என்னும் கேள்வியே என்னைச் சொல்லாய்வு நூல்களின் பக்கம் திருப்பியது. ஒரு பொருளை நினைப்பதற்கும் அதன் பெயரைச் சொல்வதற்கும் இடையே உள்ளத்தில் நிகழ்வதைக் கணிப்பொறியில் அமைத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று உண்டு. 1986-இல் அமெரிக்க உளவியலறிஞர் கேரி டெல் வெளியிட்ட மாதிரி அவ்வகையது. அதில் ஒருபுறம் பொருட்கூறுகள், நடுவே சொற்கள், மறுபுறம் ஒலிகள். யாவும் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. பூட்டை நினைத்ததும் அச்சொல் கிளர்ச்சி பெறுகிறது. பொருளால் நெருங்கிய ‘சாவி’யும் ஓரளவு விழிக்கிறது. ஒலிகளிலிருந்து கிளர்ச்சி திரும்பி வருவதால் ‘பாட்டு’ம் தலைநீட்டுகிறது. மிகுதியாகக் கிளர்ந்த சொல்லே நாவுக்கு வருகிறது.

1997-இல் டெல்லும் மிர்னா ஷ்வார்ட்ஸ் முதலானோரும், மூளைப் பாதிப்பால் சொல் தடுமாறிய 21 பேருக்கு 175 படங்களைக் காட்டிப் பெயர் கேட்டனர். பின்னர், மாதிரியின் இணைப்புகளைத் தளர்த்தியும், கிளர்ச்சி விரைந்து தணியுமாறு செய்தும் பார்த்தனர். நோயாளிகள் செய்தவற்றைப் பெரிதும் ஒத்த பிழைகளைக் கணிப்பொறியும் செய்தது. வலையிலிருந்து எந்தச் சொல்லையும் அவர்கள் அழிக்கவில்லை என்பதை வாசகர்கள் கருத வேண்டும். தளர்ந்தவை பாதைகளே.

இருமொழியாளர் வாசிப்புக்கென 1998-இல் டைக்ஸ்ட்ரா, வான் ஹியூவன் என்னும் இருவர் ஒரு மாதிரி வெளியிட்டனர். ஓர் எழுத்துத் தொடரைக் கண்டதும் இருமொழிச் சொற்களும் ஒருங்கே விழித்துப் போட்டியிடுகின்றன என்பது அதன் கருத்து. பேச்சிலும் இத்தகைய போட்டி உண்டெனப் பலர் கருதுகின்றனர். அங்ஙனமாயின், நாற்பதாண்டு பழகிய ‘தாளம்’ முந்திக்கொண்டதில் வியப்பில்லை.

மாதிரி மனமாகிவிடாது என்பது உண்மை. ஒருவர் எவ்வளவு புரிந்துகொள்கிறார் என்பதை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் ஆராய்ந்தே சொல்ல இயலும். ஆனால் சொல் தடுமாற்றம் ஒன்றை மட்டும் கொண்டு மூத்தோரின் அறிவை அளந்துவிடலாகாது. சொத்தும் பங்கும் பேசப்படும் வேளையில் அவர்களை ஒதுக்கி வைப்பதற்கு முன், பொருளைக் கையில் கொடுத்தும், படத்தைக் காட்டியும், ‘ஆம், இல்லை’ என்று தலையசைக்கச் செய்தும் அவர்கள் கருத்தை அறிய முயல்வது நம் கடமை. எங்கள் அத்தா தம் கடையின் சாவிக்கொத்தை யார் கையில் தர வேண்டுமென்பதை ஒரு சொல்லும் பேசாமலே தெளிவாகக் காட்டினார்.