காலுக்கு ஒரு பாடம்

குத்துச்சண்டை என்றதும் நம்மவர் கையையே நினைக்கின்றனர். பெயரிலேயே குத்து இருக்கையில் அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும், நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஆசிரியையாகிய நான் எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய மண்டபத்தில் மாணவியர் சிலரோடு சேர்ந்து இக்கலையைப் பயிலத் தொடங்கி மூன்று வாரங்களாகியும் இன்னும் ஒரு குத்துக்கூட விட்டேனில்லை. அத்தனை நாளும் காலுக்கே செலவாயின.

"ரீச்சர், கையை இப்ப மறந்துவிடுங்கோ. கால் நிண்டால் கை தானா வரும்" என்கிறார் பயிற்றுநர். சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் கோடு கீறி, அதன்மேல் எங்களை நிறுத்துகிறார். வலக்கைப் பழக்கமுடையவர் இடக்காலை முன்வைத்து, வலக்காலைத் தோளகலத்துக்குப் பின்னே சற்றுச் சாய்வாக ஊன்றவேண்டும். பின்குதி இலேசாக எழும்பியிருக்கவேண்டும், முழங்கால் விறைக்கலாகாது. முன்னேற முன்கால் முதலில். பின்வாங்கப் பின்கால் முதலில். பக்கம் நகர அந்தப் பக்கத்துக் கால் முதலில். மற்றக்கால் அதே அளவு நகர்ந்து வந்து சேரும். இரண்டும் ஒட்டவுங் கூடாது, ஒன்றையொன்று குறுக்கிடவுங் கூடாது. குறுக்கிட்ட கணத்தில் சிறு தள்ளலுக்கும் ஆள் சாய்ந்துவிடும். குத்தின் வலிமையும் தரையிலிருந்தே பிறக்கிறதாம்: பின்பாதம் நிலத்தை உந்த, அவ்விசை இடுப்பிலே திரும்பித் தோள்வழியாக முட்டியை அடைகிறது.

சொல்வதற்கு எளிது. நடத்தல் என்பதோ காலை மாற்றி மாற்றி வைப்பதன்றோ? மழலைப் பருவத்தில் கற்று வாழ்நாளெல்லாம் பழகிய அவ்வழக்கத்தை உடல் எளிதில் விடுவதாயில்லை. சிறுமியர் என்னிலும் விரைவாகப் பற்றிக்கொண்டனர். கிளித்தட்டு விளையாடிய கால்கள் அவை. கோட்டில் நின்று மறிப்பவர் எதிராளியின் மீதிருந்து கண்ணை எடுக்காமல் பக்கவாட்டில் விரைவதும் இதே வித்தைதான். ஆனால் நம்மூரில், பிள்ளை சாமத்தியப்பட்டதும் கிளித்தட்டு நின்றுவிடுகிறது. எங்கள் வகுப்பில் மிக அழகாகக் கால்வைக்கும் பெண், அவ்வாறு நிறுத்தப்பட்டு ஓராண்டுகூட ஆகாதவள்.

"சத்தம் வராமல் வையுங்கோ" என்று பயிற்றுநர் சொன்னபோது பிள்ளைகள் சிரித்துவிட்டனர். நிலம் அதிராமல் நடக்கச் சொல்லும் அம்மம்மாமார் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் ஏது?

கால் எங்கே படலாம், எங்கே படலாகாது என்பதைச் சட்டமாகவே வகுத்துவைத்திருந்த சமூகம் நம்முடையது. சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957இல் வந்த பின்னரும், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலை மிதிப்பதற்காக 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் போராட நேர்ந்தது. 1995 அக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, ஓர் அடி வைக்கவும் இடமின்றி நின்ற வீதியை எண்ணுகையில், பின்வாங்குவதற்கும் ஒரு முறை உண்டென்று எவராவது அந்நாளில் கற்பித்திருக்கலாமே எனத் தோன்றுகிறது. வீண் எண்ணந்தான்.

பெண்களின் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 2012இல், இலண்டனில். ஆண்களுக்கோ 1904இலேயே அவ்வாய்ப்புக் கிடைத்துவிட்டது. அந்த இலண்டன் போட்டியில் வெண்கலம் வென்ற மேரி கோம், மணிப்பூரில் வயலில் உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். முகம்மது அலியின் கதையும் ஒருவகையில் கால்களின் கதையே. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமைக்காக 1967இல் அவரது பட்டத்தைப் பறித்தனர். 1970இல் அவர் மேடைக்கு மீண்டபோது பழைய துள்ளல் குறைந்திருந்தது. ஒரு மனிதனின் கால்கள் மிக இலேசாக இருந்த ஆண்டுகளை ஓர் அரசு எடுத்துக்கொண்டது.

பதினொருவராகத் தொடங்கிய வகுப்பில் இப்போது எழுவர் இருக்கின்றனர். "மூக்கு உடைஞ்சால் ஆர் கட்டுவான்?" என்ற கேள்வி நால்வரை வீட்டில் இருத்திவிட்டது. தலையில் விழும் அடிகள் மூளைக்குத் தீங்கு செய்யும் என்பது மருத்துவர் கூறும் உண்மை. அதை மறைப்பவன் பிள்ளைகளின் நண்பனல்லன். அதனாலேயே எங்கள் வகுப்பில் ஒருவரையொருவர் அடிப்பது கிடையாது. ஆனால் அப்பெற்றோர் எவரும் மூளையைப் பற்றிக் கேட்கவில்லை. சீதனச் சந்தையில் விலைபோகவேண்டிய மூக்கைப் பற்றியே கேட்டனர்.

சென்ற வெள்ளிக்கிழமை, நின்றுபோன பிள்ளையொருத்தியின் தாயார் மண்டபத்தின் யன்னலோரம் நெடுநேரம் நின்று பார்த்திருந்தார். வகுப்பு முடிந்து நான் வெளியே வந்தபோது, மகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"பின்னுக்குப் போகேக்கை எந்தக் கால் ரீச்சர் முதல்?" என்று கேட்டார்.

பின்கால் என்றேன். ஒழுங்கையின் மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைச் சற்றே உயர்த்தி, அவர் வைத்துப் பார்த்தார்.