முடியும் மணிமுடியும்

நுழையும்முன்

அழகுக்கு அளவுகோல் உண்டா? உண்டெனில் அதனை வகுத்தவர் யார்? அவ்வளவுக்குள் அடங்காதவர் தம்மை அழகற்றவர் என்று எண்ணிக்கொள்ள வேண்டுமா? ஒரு சிறுமியின் கூந்தலைக் கதைப்பொருளாகக் கொண்ட அசைவூட்டக் குறும்படம் ஒன்று இவ்வினாக்களை ஏழே நிமிடங்களில் எழுப்புகிறது.

படம் சொல்லும் கதை

'ஹேர் லவ்' 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான அசைவூட்டக் குறும்படம். கூந்தல்மேல் கொண்ட அன்பு என்பது அப்பெயரின் பொருள். ஸூரி என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கச் சிறுமி ஒரு நாள் காலையில் கண்விழிக்கிறாள். நாள்காட்டியில் அவள் குறித்துவைத்திருந்த சிறப்பு நாள் அது. அடர்ந்து, சுருண்டு, எத்திசையும் விரிந்து நிற்கும் தன் கூந்தலை அழகுற முடித்துக்கொள்ள விரும்புகிறாள். கூந்தல் ஒப்பனையைக் கற்பிக்கும் காணொலி ஒன்றைப் பார்த்துத் தானே முயல்கிறாள், இயலவில்லை. உதவிக்கு வரும் தந்தைக்கும் அக்கலை கைவரவில்லை. குத்துச்சண்டை மேடையில் தந்தையும் கூந்தலும் மோதுவதுபோல் அம்முயற்சி காட்டப்படுகிறது. வெல்வது கூந்தலே! தோற்ற தந்தை மகளின் தலையில் ஒரு குல்லாயைக் கவிழ்த்துவிடுகிறார். ஸூரியின் முகம் வாடிவிடுகிறது.

பின்னர் அக்காணொலியை இருவரும் சேர்ந்து பார்க்கின்றனர். அதில் பேசுபவர் ஸூரியின் தாய். அக்குரல் சொல்லச் சொல்லத் தந்தையின் விரல்கள் கற்றுக்கொள்கின்றன. ஒப்பனை நிறைவுற்றதும் இருவரும் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். நோயினால் கூந்தலை இழந்த தாய், தலையைத் துணியால் மூடியபடி அங்கே அமர்ந்திருக்கிறார். தான் வரைந்த ஓவியத்தை ஸூரி அவரிடம் நீட்டுகிறாள். அதில் தாயின் தலையில் கூந்தல் இல்லை, மணிமுடி இருக்கிறது. அதனைக் கண்ட தாய் தலைத்துணியை நீக்குகிறார்.

அளவுகோல் வந்த வழி

இச்சிறு கதையின் பின்னே நீண்டதொரு வரலாறு நிற்கிறது. லூசியானா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது, 1786ஆம் ஆண்டில் அதன் ஆளுநர் எஸ்தெபான் மிரோ ஓர் ஆணை பிறப்பித்தார். ஆப்பிரிக்க மரபில் வந்த பெண்கள் தம் கூந்தலைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்பெண்கள் துணியைக் கட்டினர். ஆனால், வண்ணமும் வனப்பும் மிக்க துணிகளை விதவிதமாகக் கட்டி அதனையே ஓர் அணியாக்கிக்கொண்டனர்.

அடிமைமுறை ஒழிந்த பின்னரும் நேராக விழும் கூந்தலே அழகு என்னும் எண்ணம் ஒழியவில்லை. அவ்வழகைப் பெறுவதற்காகக் கறுப்பினப் பெண்கள் சூடேற்றிய உலோகச் சீப்பினால் கூந்தலை நீவினர். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரங்கள் கலந்த களிம்புகளையும் தடவினர். அவற்றால் தலைத்தோல் வெந்து புண்ணானதும் உண்டு. வேலையும் மதிப்பும் அந்த அளவுகோலைப் பொறுத்தே அமைந்த காலத்தில், அத்துன்பத்தை வீண் ஆசை என்று ஒதுக்கிவிட இயலாது.

இவ்வெண்ணம் குழந்தைகளின் மனத்திலும் வேரூன்றியிருந்தது. 1940களில் உளவியல் அறிஞர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளின்முன் வைத்தனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்று சுட்டினர். பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்று 1954ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இவ்வாய்வும் குறிப்பிடப்பட்டது.

அன்பும் குல்லாயும்

ஸூரியின் தலையில் குல்லாயைக் கவிழ்த்தவர் பகைவர் அல்லர். அவளை உயிராக நேசிக்கும் தந்தை. அவர் அவளை இழித்துரைக்கவில்லை. கைவராத ஒன்றை மறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தார். ஆயினும், மகளின் நெஞ்சில் அது வேறு பொருளைத் தந்தது. தன் கூந்தல் மறைக்கத்தக்கது என்று அவள் உணர்ந்தாள். அளவுகோல்கள் ஆணைகளால் மட்டும் நிலைபெறுவதில்லை. அன்புடையோரின் அறியாமையாலும் அவை வீட்டிற்குள் நுழைகின்றன.

அதற்குரிய மாற்றையும் படமே காட்டுகிறது. 'நீ அழகாகத்தான் இருக்கிறாய்' என்னும் ஆறுதல் மொழியைத் தந்தை உரைக்கவில்லை. அமர்ந்து, அக்கூந்தலின் இயல்பை அறிந்து, அதனை முடிக்கக் கற்றுக்கொண்டார். அவர் கற்றுக்கொண்டதே மகளுக்கு அளித்த மதிப்பு ஆயிற்று. அழகிய கூந்தலைப் போற்றும் கதை, கூந்தலே இல்லாத தாயின் தலையில் மணிமுடி சூட்டி முடிவதால் மேலும் உயர்கிறது. ஓர் அளவுகோலை நீக்கிவிட்டு மற்றோர் அளவுகோலை நடுவதன்று அதன் நோக்கம்.

திரையிலிருந்து சட்டத்திற்கு

இப்படத்தை உருவாக்கியவர் மேத்யூ ஏ. செர்ரி. அமெரிக்கக் கால்பந்து வீரராக இருந்து திரைத்துறைக்கு வந்தவர். 2017ஆம் ஆண்டில் இணையவழி மக்களிடம் 75,000 டாலர் நிதி வேண்டினார். 2,80,000 டாலருக்கும் மேல் திரண்டது. 2020ஆம் ஆண்டில் சிறந்த அசைவூட்டக் குறும்படத்திற்கான ஆஸ்கர் விருது இதற்குக் கிடைத்தது. சடைத்திரிகளை வெட்டாவிடில் பட்டமளிப்பு விழாவில் பங்கேற்க இயலாது என்று சொல்லப்பட்ட டெக்சாஸ் மாணவர் ஒருவரை அவ்விழாவிற்குப் படக்குழுவினர் அழைத்து வந்திருந்தனர்.

கூந்தலின் இயல்பையும் அதனை முடிக்கும் முறையையும் காரணம் காட்டிப் பள்ளியிலும் பணியிடத்திலும் வேறுபாடு காட்டுவதைத் தடுப்பது 'கிரவுன்' சட்டம். 2019ஆம் ஆண்டில் கலிபோர்னியா இதனை முதலில் இயற்றியது. விருதுமேடையில் செர்ரி இச்சட்டம் எல்லா மாநிலங்களிலும் நிறைவேற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 2023ஆம் ஆண்டில் டெக்சாஸும் இதனை ஏற்றது.

'கிரவுன்' என்னும் சொல் மணிமுடியைக் குறிக்கும். தமிழிலோ தலைமயிருக்கும் மகுடத்திற்கும் 'முடி' என்னும் ஒரு சொல்லே அமைந்துள்ளது. ஸூரி தன் ஓவியத்தில் கண்டதும் அவ்வொருமையே ஆகும்.

தெரியுமா?

'ஸூரி' என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் சுவாகிலி மொழிச் சொல். அழகு, நன்மை என்னும் இரு பொருளும் அதற்கு உண்டு.

கற்பவை கற்றபின்

1. அன்புடையோர் அறியாமல் சூட்டும் 'குல்லாய்கள்' எவை? குழுவில் கலந்துரையாடுக.
2. தோற்றத்தைக் கேலி செய்யும் காட்சி இடம்பெற்ற திரைப்படம் ஒன்றைத் தேர்ந்து, அக்காட்சியை மாற்றி எழுதுக.