ரப்பர் யானை

ஒரு மிருகக்காட்சிசாலை. யானை மட்டும் இல்லை. மேலிடம் ஒரு யானையை ஒதுக்குகிறது. டைரக்டரோ, எதற்கு வீண் செலவு, ரப்பரில் ஒன்று செய்து காற்றடித்துக் கொள்கிறோம் என்று எழுதிப் போடுகிறார். நான் பி.காம். படித்தவன். அந்த டைரக்டரை எனக்கு நன்றாகவே புரிகிறது. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது இவர்களுக்குத்தான் மவுசு!

ராத்திரியில் இரண்டு ஊழியர்கள் ஊதுகிறார்கள். முடியாமல் போய், கேஸ் குழாயைச் சொருகிவிடுகிறார்கள். காலையில் வாத்தியார் பிள்ளைகளுக்கு யானையின் எடையைப் பற்றிப் பாடம் நடத்த, காற்று வீச, யானை ஜிவ்வென்று மேலே கிளம்பிவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் அப்புறம் ரவுடிகளாகிறார்கள். யானை என்று ஒன்று இருப்பதையே நம்புவதில்லை.

சிரித்துவிட்டீர்களா? எழுதியவர் போலந்துக்காரர் ஸ்லாவோமிர் ம்ரோஷெக். 1957-ல், கம்யூனிஸ்ட் ஆட்சியில், சென்ஸாரைத் தாண்டி வந்த கதை இது.

போஸ்ட் ஆபீஸ் ஊழியரின் மகன். 1930-ல் பிறந்து, இருபது வயதில் க்ராகோவ் நகரில் பத்திரிகை வேலை. கார்ட்டூனும் போடுவார்.

ஆனால், அவரும் காற்றடித்தவர்தான். 1953-ல் க்ராகோவ் பாதிரியார்கள் மீது ஜோடிக்கப்பட்ட வழக்கு. மூன்று பேருக்கு மரண தண்டனை (நல்லவேளை, நிறைவேற்றவில்லை). அந்தப் பாதிரியார்களைக் கண்டித்து எழுத்தாளர்கள் வெளியிட்ட அறிக்கையில் இவர் கையெழுத்தும் இருக்கிறது. வயது 22 என்று சொல்லித் தள்ளிவிடலாம். எனக்கு மனசு வரவில்லை. பின்னாளில் பொய் வார்த்தைகளை அவ்வளவு துல்லியமாகக் கிண்டல் செய்ததற்கு, அதை உள்ளே இருந்து பார்த்ததும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

1963-ல் நாட்டை விட்டுக் கிளம்பினார். 1968-ல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் டாங்கிகள் நுழைந்தபோது, பாரீஸ் பத்திரிகையில் பகிரங்கமாகக் கண்டித்தார். ஊர் திரும்பச் சொன்னது அரசாங்கம். மறுத்தார். போலந்தில் அவர் எழுத்துக்கு சில வருஷம் தடை. பிரான்ஸ், மெக்சிகோ என்று சுற்றி, 1996-ல் க்ராகோவ் திரும்பினார்.

2002-ல் பக்கவாதம். கை கால் அல்ல சார், மொழி போய்விட்டது. பேச வரவில்லை, எழுத வரவில்லை. வார்த்தையை வைத்தே பிழைத்த மனுஷனுக்கு!

சிகிச்சையாகவே எழுதச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மறுபடி ஆரம்பித்து, தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். 2006-ல் அது புத்தகமாக வந்தது. பெயர் 'பல்தஸார்'. 2013-ல் பிரான்ஸின் நீஸ் நகரில் காலமானார்.

அந்தப் புத்தகத்தில் கிண்டல் குறைவு. வாக்கியங்கள் சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றும் தரையில் காலூன்றி நிற்கிறது.