ஒரு சாவியா, இரு சாவியா?

பூட்டைத் திறப்பது எது என்று கேட்டால், "சாவி" என்று நாம் அனைவரும் ஒரே குரலில் கூறுவோம். நாள்தோறும் கையாளும் இச்சொல் நம் வீட்டுப் பிள்ளையா, வந்த விருந்தாளியா?

1498-ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தடைந்தார். அவருக்குப்பின் வந்த போர்ச்சுகீசியரின் 'சாவே' என்ற சொல்லே தமிழில் சாவியாயிற்று. அதன் தாய், இலத்தீனின் 'கிளாவிஸ்'. அலமாரியும் ஜன்னலும் மேசையும்கூட அவர்கள் வழி வந்தவையே.

நமக்குத் திறவுகோல் என்னும் அழகிய சொல் உண்டு. இயேசு புனித பேதுருவுக்கு அளிப்பதாகச் சொன்னதைத் தமிழ் விவிலியம் திறவுகோல் என்றே கூறுகிறது. ஆயினும் அம்மாவின் இடுப்பில் தொங்குவது சாவிக்கொத்துதான்! பழைய சுவர்க்கடிகாரத்துக்கும் நாம் 'சாவி கொடுக்கிறோம்'. விருந்தாளி குடும்பத்தில் ஒருவராகிவிட்டார்.

ஆனால் வேங்கிக்காலின் வயல்வரப்பில் நிற்கும் தாத்தாவிடம் "சாவி" என்று சொன்னால் அவர் முகம் வாடும். மணி பிடிக்காமல் பதராய்ப் போன பயிரும் சாவிதான். 'சாதல்' என்பதோடு உறவுடைய தமிழ்ச்சொல் இது. ஒலி ஒன்று, பிறப்போ வேறு. ஒன்று களஞ்சியத்தைப் பூட்டும். மற்றது களஞ்சியத்தையே வெறுமையாக்கும்.

இன்று நம் ஊரில் வீடுகள் பெருகுகின்றன. வீட்டுக்கொரு சாவியும் பெருகுகிறது. வயல்கள் குறையக் குறைய, உழவரின் சாவி நம் செவிக்கு எட்டாமல் போகிறது. தோழியரே, பயிர் சாவியாக வேண்டாம். அச்சொல்லும் சாக வேண்டாம். விடுமுறையில் தாத்தா பாட்டியிடம் கேட்டு, இத்தகைய சொற்களை நம் குறிப்பேட்டில் எழுதி வைப்போம்.