கருவியும் கையும்

தியானப் பகுதி: யாத்திராகமம் 31:1–11



தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவர் என்று வேதாகமம் முதன்முதலில் பெயர் சொல்லிக் குறிப்பிடும் மனிதர் ராஜாவும் அல்லர், தீர்க்கதரிசியும் அல்லர். பெசலெயேல் என்னும் கைவினைஞர். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் புதிய வடிவங்களைச் சிந்தித்து உருவாக்கும் ஞானத்தைத் தேவன் அவருக்கு அருளினார். இன்றைய சொல்லில் அவர் ஒரு வடிவமைப்பாளர். ஆகவே வடிவமைப்புக் கல்வியைத் தெரிந்துகொள்ளும் நம் பிள்ளைகளிடம், "படம் வரைந்து பிழைக்க முடியுமா?" என்று கேட்டு அவர்களைத் தளரச் செய்ய வேண்டாம்.

ஆனால் அந்தக் கல்வி ஒரு செலவையும் உடன் அழைத்து வருகிறது. அதுதான் மடிக்கணினி.

நம் சபையின் ஒரு குடும்பத்தில் மகளுக்கு இன்டீரியர் டிசைன் படிப்பில் இடம் கிடைத்தது. மூத்த மாணவர் பலரிடம் மேக்புக் இருப்பதைக் கண்ட தகப்பனார், தம் பிள்ளை மட்டும் தலைகுனியக்கூடாது என்று, மனைவியின் சங்கிலியை அடகு வைக்கத் தீர்மானித்தார். தாயார் மறுப்புச் சொல்லவில்லை. மகள்தான் மெல்லிய குரலில், "ஐயா, சங்கிலி அடகுக்குப் போனால், அந்தக் கணினியைத் திறக்கும்போதெல்லாம் அம்மாவின் வெறுங்கழுத்துதான் என் கண்ணுக்குத் தெரியும்" என்றாள். அவர்களுடைய இசைவுடனே இதை எழுதுகிறேன்.

அன்பினால் கொடுப்பதுகூட, பெறுகிறவருக்குச் சுமையாகிவிடக்கூடும். ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்தாலும் அந்தப் பிள்ளை தாயின் சங்கிலியை நினைத்தே அழும்.

தாவீதை நினைத்துப் பாருங்கள் (1 சாமுவேல் 17:38–40). சவுலின் தலைச்சீராவும் கவசமும் தேசத்திலேயே உயர்ந்தவையாக இருந்திருக்கும். ஆயினும் அவற்றில் பழக்கமில்லாத தாவீது அவற்றைக் களைந்துவிட்டு, தன் கைக்குப் பழகிய கவணோடு சென்றான். ராஜாவுக்கு உகந்தது மேய்ப்பனுக்கு உகந்ததாக இருக்கவேண்டியதில்லை.

ஆகவே முதலில் துறையிடம் மென்பொருள் பட்டியலைக் கேட்கச் சொன்னேன். அதில் ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் ஆகிய இரண்டும் இருந்தன. இவை விண்டோஸுக்கென்றே உருவாக்கப்பட்டவை. மேக்புக்கில் நேரடியாக இயங்குவதில்லை. சங்கிலியை அடகு வைத்து வாங்கியிருந்தாலும் அந்தப் படிப்புக்கு அது சவுலின் கவசமாகவே இருந்திருக்கும்.

அதற்காக, மலிவானதை வாங்குவதே பக்தி என்றும் எண்ண வேண்டாம். ஆசரிப்புக் கூடாரத்தில் உடன்படிக்கைப் பெட்டியைப் பசும்பொன் மூடியது. கூடாரத்தின் மேலோ வெள்ளாட்டு மயிரால் ஆன மூடுதிரை விரிக்கப்பட்டது. பொன் வேண்டிய இடத்தில் பொன். ஆட்டுமயிர் போதுமான இடத்தில் ஆட்டுமயிர்.

இந்தப் படிப்புக்குப் பொன் வேண்டிய இடங்கள் சில உண்டு. முப்பரிமாண வேலைக்கு 16 ஜிபி ரேம் தேவை. பின்னர் கூட்டிக்கொள்ள இடமிருந்தால் நலம். தனி கிராபிக்ஸ் கார்டும், 512 ஜிபிக்குக் குறையாத எஸ்எஸ்டியும் வேண்டும். பலர் கவனிக்கத் தவறுவது திரை. எஸ்ஆர்ஜிபி நிறங்களை முழுமையாகக் காட்டாத திரையில் சுவருக்குத் தெரிந்தெடுத்த வண்ணம், அச்சில் வேறொன்றாக வந்து நிற்கும். மெல்லிய உடல், மின்னும் விசைப்பலகை, முத்திரைப் பெயர் ஆகியவை ஆட்டுமயிர் போதுமான இடங்கள்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14:28–30). கணினியின் விலையோடு அந்தக் கணக்கு முடிவதில்லை. உத்தரவாத நீட்டிப்பு, மென்பொருள், அடகின் வட்டி ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கணினியின் மதிப்போ ஆண்டுதோறும் குறையும். பல கல்லூரிகளில் முதலாம் ஆண்டில் கையால் வரைவதே மிகுதி. ஆய்வகக் கணினியைப் பயன்படுத்தி, சில மாதங்கள் சேமித்துப் பின்னர் வாங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பூட்டை உடைத்த மென்பொருளைப் பயன்படுத்துவது களவு. அதற்கு அவசியமும் இல்லை. ரெவிட்டையும் 3டிஎஸ் மேக்ஸையும் மாணவருக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனம் இலவசமாகவே அளிக்கிறது. பிளெண்டர் எல்லோருக்கும் இலவசம். 2025-இல் ஆஸ்கர் விருது பெற்ற 'ஃப்ளோ' என்னும் லாட்விய அனிமேஷன் திரைப்படம் அதில்தான் உருவானது.

அந்தக் குடும்பம் நடுத்தர விலையில் ஒரு விண்டோஸ் மடிக்கணினியை, சேமிப்பிலும் சிறு தவணையிலும் வாங்கியது. சங்கிலி தாயின் கழுத்திலேயே இருக்கிறது.

பிரியமானவர்களே, பெசலெயேலின் உளி எத்தகையது என்று வேதாகமம் சொல்லவில்லை. அதைப் பிடித்த மனிதரை நிரப்பியவர் யார் என்றே சொல்லுகிறது. இவ்வாரம் உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்களுக்கு எது தேவை என்று கேளுங்கள். அயலாரிடம் எது இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். கணினித் துறையில் பணிபுரியும் சபையார், கடைக்குச் செல்லும் ஒரு குடும்பத்தோடு துணையாகச் செல்லுங்கள். அதுவும் ஊழியமே.

ஜெபம்: எங்கள் பிள்ளைகளின் கைகளுக்குத் திறமையைத் தந்த பிதாவே, பெருமையினால் அல்ல, ஞானத்தினால் தெரிந்தெடுக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் அன்பு அவர்கள் தோளில் சுமையாகாதபடி காத்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.