ஆழமில்லாத கடலின் அழகு

வெள்ளி, ஆயக்குடி

கொய்யாச் சந்தை கலைந்துகொண்டிருக்கிறது. கேரளத்துக்குப் போகும் வண்டியில் கடைசிப் பெட்டிகள் ஏறுகின்றன. எதிர்ப்புற டீக்கடையில் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் நாட்குறிப்பைப் பிரித்து வைத்திருக்கிறார். உலகில் பார்க்கத் தகுந்த விரிகுடாக்களுக்கென்றே அதில் சில பக்கங்கள். வியட்நாமின் ஹா லாங்: கடலுக்குள்ளிருந்து எழும் சுமார் 1,600 சுண்ணாம்புக்கல் தீவுகள், 1994 முதல் யுனெஸ்கோ பட்டியலில். கனடாவின் ஃபண்டி: உள்ளே போகப் போகக் குறுகும் கரை, அதனால் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும் ஓதம்.

கரையின் வடிவமும் தரையின் ஆழமுமே ஒரு விரிகுடாவின் குணத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் வகுப்பில் சொல்லிவந்த பாடம். ஹா லாங்குக்கு விமானம் ஏற வேண்டும். பாக் விரிகுடாவுக்கு மதுரை வழியாக பஸ் போதும். பேரனும் கூட வருகிறான்.

சனி, பாம்பன்

சாலைப் பாலத்தில் இறங்கி நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கீழே 1914இல் திறந்த பழைய ரயில் பாலம். பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலம். தெற்கில் அலை புரள்கிறது. வடக்கில் அசைவே இல்லை.

"தாத்தா, நம்ம வையாபுரிக் குளம் மாதிரியில்ல இருக்கு!"

பையன் சொன்னதில் தப்பில்லை. விரிகுடாவின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர்கூட ஆழமில்லாதது. இலங்கையும் மணல்திட்டுகளும் பெருங்கடலின் அலைகளைத் தடுத்துவிடுகின்றன. ஓதம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது.

ஞாயிறு, தனுஷ்கோடி

இங்கே பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மறுபக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். இடிந்த தேவாலயத்தின் முன் செல்ஃபி கூட்டம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையே வாரிக்கொண்டது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் தப்பவில்லை. ஆழமில்லாத கடலில் புயல் தள்ளிவரும் நீருக்குக் கீழே விலக இடமில்லை, மேலேதான் எழும்பும் என்று மணலில் விரலால் படம் போட்டு விளக்குகிறார் ஆசிரியர். சாதுவாகத் தெரிந்த கடலின் மறுமுகம் அது.

திங்கள், மனோரா

தொண்டி, மீமிசல், மணமேல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் மல்லிப்பட்டினத்துக்கு அருகே அறுகோணமாக நிற்கிறது மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட சரபோஜி மன்னர் எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம்.

இந்தக் கரையின் பெரிய சொத்து தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. ஆழம் குறைவாக இருப்பதால் வெயில் தரைவரை இறங்குகிறது. கடற்புல் வெளிகளாக வளர்கிறது. அதை மேய்ந்து வாழ்வது கடல்பசு. வளர்ந்தது 400 கிலோவரை எடை இருக்கும். ஒரு நாளைக்கு முப்பது கிலோவுக்கு மேல் புல் வேண்டும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் தமிழ்நாடு அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் இதுவே முதலாவது.

"பாக்க முடியுமாண்ணே?" என்கிறான் பையன்.

"மூச்சு விட மேல வரும் தம்பி. ஒரு நொடிதான். வலையில சிக்குனா அறுத்து விட்ருவோம்," என்கிறார் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர். இழுவைமடி தரையைச் சுரண்டும்போது புல்லும் வேரோடு வந்துவிடுகிறது என்பது அவர் கவலை.

செவ்வாய், திரும்பும் பஸ்

பேரன் தூங்குகிறான். ஆசிரியர் அடுத்த பக்கத்தில் எழுதுவது திருகோணமலை: கொட்டியாரக் குடா, மகாவலி வந்து கலக்கும் இடம். அங்கே கரையருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. கப்பல்கள் ஒதுங்குவதும் நீலத்திமிங்கிலங்கள் அருகே வருவதும் அந்த ஆழத்தால்தான். பக்கத்திலேயே பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு.